ஜீப் பென்டிரைவில் இருக்கும் பாட்டுக்கு யார் காசு வாங்கினார்கள்?

விடிவதற்கு முன்பே கம்பம், கூடலூர், தேவாரம், போடிப் பக்கமிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகின்றன. குமுளி வழியாகவோ, கம்பம்மெட்டு அல்லது போடிமெட்டு வழியாகவோ இடுக்கி மாவட்டத்துக்குள் போய், பொழுது சாயும்போது திரும்புகின்றன. வளைவுகளில் சிக்னல் வரும், போகும். அதனால் ஜீப் ஸ்டீரியோவில் பென்டிரைவ் செருகியே இருக்கும். கேட்டுச் சலித்த பாட்டுக்குப் பதில் புதுப் பாட்டு வேண்டுமென்றால் அடிவாரத்தில் ஏதாவது ஒரு மொபைல் கடை. “தம்பி, இதுல பாட்டு ஏத்திக் குடுப்பா. பழசு பாதி, புதுசு பாதி.” ஐம்பதோ நூறோ கொடுத்தால் அரை மணி நேரத்தில் ஆயிரம் பாட்டு.

இதைத் தப்பு என்பவரும் தப்பில்லை என்பவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: பாட்டு ஓசியில் வருகிறது. வாதமே அந்த இடத்தில்தான் கோணலாகிறது. அந்தப் பென்டிரைவுக்குக் காசு கைமாறியிருக்கிறது. பாடியவர், எழுதியவர், மெட்டுப் போட்டவர், பதிவு செய்தவர் இவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் போயிருக்கிறது. ஓசியா காசா என்று கேட்பதைவிட, காசு யார் பைக்குப் போனது என்று பார்த்தால் இந்த விவகாரத்தில் எது பெரிய தப்பு, எது சின்னத் தப்பு, எது தப்பே இல்லை என்பது ஓரளவு பிரிந்து தெரியும்.

கடைக்காரர் வாங்கியது ஏற்றுக்கூலி. அவர் கணினியில் இருக்கும் தொகுப்பு எங்கிருந்தோ இறக்கியது. இறக்கிய தளம் விளம்பரத்தில் பிழைக்கிறது. ‘டவுன்லோட்’ என்று பச்சைப் பொத்தான் நான்கு இருக்கும், அதில் மூன்று சூதாட்ட ஆப்புக்கோ வேறு குப்பைக்கோ இழுத்துப் போகும். ஒவ்வொரு தட்டலுக்கும் தளம் நடத்துகிறவருக்குச் சில்லறை விழுகிறது. சில தளங்கள் பாட்டுக்குப் பதிலாக ஏபிகே கோப்பை, அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் கோப்பை, இறக்கிவிடும். நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், அல்லது திரையில் தெரிவதைப் படிக்க வழிவிடும் ‘அணுகல்தன்மை’ அனுமதி கேட்கும். இரண்டில் எதைக் கொடுத்தாலும் வங்கி அனுப்பும் ஓடிபி அந்த ஆப்பின் கண்ணில் படும். கட்டணம் கட்டாமல் பிரீமியம் தருவதாகச் சுற்றும் மாற்றப்பட்ட ஆப்களுக்கும் இதே எச்சரிக்கை. பாட்டு ஆப்புக்கு எஸ்எம்எஸ் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. கேட்டால் அழித்துவிடுவது நல்லது.

இன்னொரு பக்கம், காசு யாருக்குப் போயிருக்க வேண்டும்? ஒரு சினிமாப் பாட்டுக்குள் குறைந்தது மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. வரிகள் இலக்கியப் படைப்பு. மெட்டு இசைப் படைப்பு. பதிவான ஒலி மூன்றாவது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் மூன்றையும் தனியாகவே எண்ணுகிறது. பாடகருக்கும் வாத்தியக் கலைஞருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று இன்னொன்று உண்டு.

“நாம காசு கொடுத்தா மட்டும் இசையமைப்பாளருக்கா போகப்போகுது? கம்பெனிக்காரன்தான் திங்கப்போறான்” என்ற பதில் அடிக்கடி வரும். இது வெறும் சாக்கு இல்லை. நீண்ட காலம் நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. 1977-இல் உச்ச நீதிமன்றம், கவிஞர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலிக்கும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸின் வழக்கில், சம்பளம் கொடுத்துப் பாட்டை உருவாக்கச் சொன்ன தயாரிப்பாளரே அதன் முதல் உரிமையாளர் என்ற வகையில் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத கவிஞரும் இசையமைப்பாளரும் ஒரு தொகையோடு வெளியேறினார்கள். பாட்டு முப்பது வருடம் ஓடினாலும் அவர்கள் கணக்கு அன்றைக்கே முடிந்தது.

2012 திருத்தம் அதை மாற்றியது. படத்தோடு சேர்த்துத் திரையரங்கில் ஓடுவதைத் தவிர மற்ற வகையில் பாட்டு பயன்பட்டால், கிடைக்கும் ராயல்டியில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு. அந்தப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. ஆக, ‘கம்பெனிதான் திங்கும்’ என்பது முழு உண்மையாக இருந்த காலம் போய்விட்டது. இன்றைக்குத் திருட்டுப் பிரதி தட்டிப் பறிப்பதில் ஒரு பகுதி, சட்டம் மெனக்கெட்டுக் கலைஞர் பெயரில் ஒதுக்கிய பங்கு.

பழைய பாட்டுகளின் நிலைமை இவ்வளவு தெளிவாக இல்லை. கோம்பைக்குப் பக்கத்தில் இருக்கும் பண்ணைப்புரம், இளையராஜா பிறந்த ஊர். இந்த ஜீப்புகளில் அவர் பாட்டு இல்லாத பென்டிரைவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தன் பாட்டுகளின் மீது யாருக்கு என்ன உரிமை என்று இசை நிறுவனங்களோடு அவர் பல வருடங்களாக வழக்காடி வருகிறார். 2017-இல் மேடைக் கச்சேரியில் பாடுவது தொடர்பாக எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கே வக்கீல் நோட்டீஸ் போனது. அப்போது ஊரே இரண்டாகப் பிரிந்து பேசியது. நோட்டீஸ் சரியா தவறா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எழுபது, எண்பதுகளின் பாட்டில் தயாரிப்பாளர், இசை நிறுவனம், இசையமைப்பாளர் மூவருமே தனக்குத்தான் என்று சொல்லக்கூடிய நிலை இருக்கிறது. நேர்மையாகக் காசு கொடுக்க நினைக்கிற ஒருவருக்குக்கூட யாரிடம் கொடுத்தால் சரி என்று நூறு சதவீதம் சொல்ல முடியாது. ஆனாலும் மூவரில் யாராக இருந்தாலும் ஏபிகே தள்ளிவிடும் தளக்காரரைவிட மேல்.

சந்தா கட்டிக் கேட்பதும் கறை இல்லாத வழி என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய ஸ்ட்ரீமிங் நிறுவனங்களில் பொதுவாக நடப்பது பொதுக்குடம் முறை. ஒரு நாட்டில் ஒரு மாதம் வசூலான காசில் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை மொத்தக் கேட்பு எண்ணிக்கையால் வகுத்துப் பிரித்துக் கொடுக்கும். நீங்கள் மாதம் முழுக்க ஒரு நாட்டுப்புறப் பாடகரை மட்டுமே கேட்டாலும் உங்கள் சந்தா நேராக அவருக்குப் போகாது. அதிகம் ஓடும் பாட்டுகள் பெரும்பகுதியை அள்ளிக்கொள்ளும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவு ராயல்டியே கிடையாது. சின்னக் கலைஞருக்கு உதவ வேண்டுமென்றால் சந்தாவைவிட, அவர் நேரடியாக விற்கும் இடத்தில் வாங்குவது பலன் தரும். பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் விற்பனையில் எடுத்துக்கொள்ளும் பங்கு வழக்கமாக 15 சதவீதம். பணம் செலுத்தும் செலவு போக மீதி கலைஞருக்கு.

எல்லையின் இரண்டு பக்கமும் சட்டம்

பார்ப்பது, இறக்குவது, பரப்புவது, விற்பது நான்கையும் ஒரே குற்றமாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஒரு காலத்தில் முடக்கப்பட்ட தளத்தைத் திறந்தால், இதைப் பார்ப்பதே குற்றம் என்ற தொனியில் மிரட்டல் அறிவிப்பு வரும். 2016-இல் மும்பை உயர் நீதிமன்றம் அதைத் திருத்தச் சொன்னது. வெறுமனே பார்ப்பது குற்றமல்ல. அனுமதியில்லாமல் விநியோகிப்பதும், பொதுவில் காட்டுவதும், விற்பதும், வாடகைக்கு விடுவதும்தான் குற்றம் என்று அது சுட்டிக்காட்டியது.

டோரண்ட் இந்த இடத்தில்தான் ஆளை மாட்டிவிடும். டோரண்ட் மென்பொருள் ஒரு கோப்பைச் சின்னச் சின்னத் துண்டாக இறக்கும்போதே, வந்து சேர்ந்த துண்டுகளை மற்றவர்களுக்கு அனுப்பவும் செய்கிறது. ‘நான் இறக்கத்தான் செய்தேன்’ என்று நினைக்கிறவரும் அந்த நேரம் முழுக்க விநியோகஸ்தர்தான். வாட்ஸ்அப் குழுவிலும் டெலிகிராம் சேனலிலும் தள்ளிவிடுவதும் அதே வகை.

பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 63-இன்படி, தெரிந்தே உரிமை மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் காரணம் எழுதி இதைக் குறைக்கலாம். மொபைல் கடைக்காரர் கூலி வாங்கிவிட்டதால் அந்தச் சலுகையைக் கேட்பது கடினம். 2022-இல் உச்ச நீதிமன்றம் பிரிவு 63 குற்றத்தைப் பிடிவாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று சொல்லிவிட்டது. சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் கையாள பிரிவு 52 இடம் கொடுக்கிறது. காசு கொடுத்து வாங்கிய சி.டி.யிலிருந்து நம் போனுக்கு எடுப்பதை அதன்கீழ் வாதிடலாம். திருட்டுத் தளத்திலிருந்து ஆயிரம் பாட்டு இறக்கியதற்கு அது கேடயமாகும் என்று நம்பி உட்காரக் கூடாது.

தமிழ்நாட்டில் 2004 முதல் குண்டர் தடுப்புச் சட்டத்தில் ‘வீடியோ திருடர்’களும் சேர்க்கப்பட்டார்கள். அதாவது விசாரணையே இல்லாமல் பன்னிரண்டு மாதம் வரை உள்ளே வைக்கலாம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் 2007-ஆம் ஆண்டு சமூகவிரோதச் செயல் தடுப்புச் சட்டமான ‘காப்பா’விலும் டிஜிட்டல் திருட்டுப் பிரதி எடுப்பவருக்கு இடமுண்டு. இது தேவைக்கு மீறிய தடி. புதுப்படத்தைத் திரையரங்கில் பதிவு செய்து தளம் நடத்தும் கும்பலுக்குச் சட்டத்தில் தனித் தண்டனை இருக்கிறது. சி.டி. விற்றவரையும் பாட்டு ஏற்றிக் கொடுத்தவரையும் விசாரணை இல்லாமல் அடைத்து வைப்பதால் எந்தப் பாடகருக்கும் ஒரு ரூபாய் வந்து சேரப்போவதில்லை.

முதல் வாரம் என்பது வேறு கணக்கு

பாட்டையும் படத்தையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. ஐரோப்பிய ஆணையத்துக்காக நடந்த ஓர் ஆய்வு 2015-இல் முடிந்து, 2017-இல்தான் வெளியே வந்தது. இசை, புத்தகம், விளையாட்டு ஆகியவற்றில் திருட்டு இறக்கம் விற்பனையைக் குறைக்கிறது என்பதற்கு அந்த ஆய்வில் உறுதியான புள்ளிவிவரச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் புதிதாக வெளியான பெரிய படங்களில் கிடைத்தது: திருட்டாகப் பார்த்த ஒவ்வொரு பத்துக்கும் சட்டப்படி பார்த்திருக்கக்கூடிய நான்கு போனது. ஐரோப்பியக் கணக்கை அப்படியே தேனிக்குக் கொண்டுவர முடியாது. காரணம் மட்டும் இங்கேயும் பொருந்தும். பாட்டை ஆயுள் முழுக்கக் கேட்கிறோம். படத்தைப் பெரும்பாலும் ஒரு தடவை பார்க்கிறோம். அந்த ஒரு தடவை திருட்டில் போனால் டிக்கெட் திரும்பி வராது.

அதிலும் எல்லையில் ஒரு விசேஷம். தமிழ்ப் படத்தின் விநியோக உரிமை ஏரியா ஏரியாவாக விற்கப்படுகிறது. கம்பமும் போடியும் மதுரை–ராமநாதபுரம் ஏரியா, வியாபாரத்தில் ‘எம்ஆர்’. சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரள உரிமை வாங்கிய வேறொரு விநியோகஸ்தர். கம்பத்தில் இறக்கிய திருட்டுப் பிரதி அன்று மாலையே ஜீப்போடு நெடுங்கண்டத்துக்குப் போகும்; அடி வாங்குவது இன்னொரு முதலாளி, இன்னொரு திரையரங்கு.

பதிவு செய்கிறவர்கள் பிடிபடுவதற்கும் ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. இன்றைய திரையரங்குக்குப் படம் குறியாக்கம் செய்த கோப்பாக வருகிறது. அதைத் திறக்கும் சாவி குறிப்பிட்ட அரங்குக்கும் குறிப்பிட்ட தேதிக்கும் மட்டுமே செல்லும். ஓடும்போது படத்திலும் ஒலியிலும் கண்ணுக்கும் காதுக்கும் தெரியாத 35 பிட் அடையாளம் பதிகிறது. அதில் 16 பிட் நேரம், 19 பிட் இடமும் கருவியும். ஐந்து நிமிடத் துண்டு கிடைத்தாலே எந்தத் திரை, எந்தக் காட்சி என்று எடுத்துவிடலாம். 2024 ஜூலையில் திருவனந்தபுரத்து அரங்கொன்றில் புதுப்படத்தைப் போனில் பதிவு செய்துகொண்டிருந்த மதுரைக்காரர் ஒருவரைக் கொச்சி சைபர் போலீசார் பிடித்தார்கள். திரைப்படச் சட்டத்தின் (சினிமட்டோகிராஃப் சட்டம்) 2023 திருத்தத்துக்குப் பிறகு இதற்குத் தண்டனை மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்கி, கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம்.

விற்கவே இல்லை என்றால்?

தப்பில்லை என்போர் பக்கம் வலுவாக நிற்கும் இடம் இது. பாட்டைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ள நினைத்தவர்களுக்கு வியாபாரிகள் செய்தது துரோகம் என்றே சொல்லலாம். ஃபிளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் ‘ஃபிளைட்’ என்ற பெயரில் எம்பி3 கடை திறந்து, 2013 ஜூனில் மூடியது. ஏர்டெல்லின் பாட்டு ஆப்பான விங்க் 2024-இல் நின்றது. அதற்குள் பாட்டை இறக்கி வைத்திருந்தவர்களுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. சந்தா என்பது வாடகை. ஸ்பாட்டிஃபை பிரீமியத்தில் இறக்கிய பாட்டும் முப்பது நாளுக்கு ஒரு தடவையாவது இணையத்தைத் தொடாவிட்டால் ஓடாது.

எங்குமே விற்பனையில் இல்லாத, எந்த ஆப்பிலும் இல்லாத ஒரு பழைய கேசட் பாட்டை ஒருவர் இன்னொருவருக்குக் காசு வாங்காமல் நகல் எடுத்துக் கொடுத்தால், யார் பையிலிருந்தும் ஒன்றும் குறையவில்லை. சட்டம் அதை மீறல் என்றே சொல்லும். நெறி அவ்வளவு கடுமையாகச் சொல்ல வேண்டியதில்லை. நூலகத்திலோ நிறுவனத்தின் அலமாரியிலோ அழிந்துபோயிருக்கும் பதிவுகள் பல இந்த மாதிரிக் கைகளால்தான் தப்பியிருக்கின்றன. ஆனால் இந்த நியாயத்தை, நேற்று வெளியான பாட்டை இன்றைக்கு இறக்குகிறவர் கடன் வாங்கக் கூடாது.

உரிமைக் காலம் முடிந்ததா என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. ஒலிப்பதிவுக்கு, வெளியான வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. 1964-இல் வந்த இசைத்தட்டின் பதிவுரிமை 2024 டிசம்பர் 31-இல் முடிந்தது. இதோடு நின்றால் தப்புக் கணக்கு. வரிக்கும் மெட்டுக்கும் எழுதியவர் இறந்த பிறகு 60 ஆண்டு. பட்டுக்கோட்டையார் 1959-இல் மறைந்தார். அவர் வரிகளுக்கு 2019 இறுதியோடு முடிந்தது. கண்ணதாசன் மறைந்தது 1981. 2041 இறுதி வரை உண்டு. எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டுக்கு 2075 வரை. பதிவு பொதுச்சொத்தாகி, பாட்டு ஆகாமல் நிற்கும் விசித்திரம் நம் பென்டிரைவில் நிறைய.

சரி, சிக்னல் இல்லாத மலைப்பாதைக்கு நேர்வழியில் பாட்டு வேண்டும் என்றால் என்ன செய்வது? போனில் சந்தா வைத்துக்கொண்டு வீட்டு வைஃபையில் இறக்கி, ப்ளூடூத்திலோ ஆக்ஸ் ஒயரிலோ ஜீப்போடு இணைப்பது சுலபம். சந்தா மாதம் ஏறத்தாழ நூறு ரூபாயில் தொடங்குகிறது. ஸ்டீரியோவில் யுஎஸ்பி மட்டும்தான் என்றால் சரிகம நிறுவனம் எம்பி3 பாட்டு நிரப்பிய பென்டிரைவாகவே விற்கிறது. சரிகம என்பது பழைய ஹெச்எம்வி. அதனால் பழைய பாட்டுப் பிரியர்களுக்கு அதில் சரக்கு அதிகம். ஐடியூன்ஸ் கடையில் பாட்டு தனித்தனியாகக் கிடைக்கும். அது ஏஏசி வடிவம், நகல் எடுக்க விடாத பூட்டு இல்லாதது. பழைய ஸ்டீரியோ படிக்காவிட்டால் எம்பி3 ஆக மாற்ற வேண்டும். பென்டிரைவை எஃப்ஏடி32 ஆக ஃபார்மட் செய்யுங்கள். எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டையும் பல ஸ்டீரியோக்கள் கண்டுகொள்ளாது. 16 ஜிபியில் 320 கேபிபிஎஸ் (ஒரு நொடி ஒலிக்கு ஆகும் தரவின் அளவு; கூடினால் தரமும் கூடும்) பாட்டு சுமார் 1,400 கொள்ளும், 128 என்றால் 3,500-க்குப் பக்கம். ஒரு பாட்டு ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு நிமிடத்துக்கு முன்னது 2.4 எம்பி, பின்னது ஏறக்குறைய 1 எம்பி என்று வைத்துப் போடும் கணக்கு.

கடையில் ஏற்றிய ‘320’ பெரும்பாலும் பெயருக்குத்தான். யூடியூபிலிருந்து எடுத்த ஒலி 128–160 அளவில்தான் இருக்கும். அதை 320-க்கு ஊதினால் கோப்பு பெருக்கும், ஒலி பெருக்காது. இரண்டாம் முறை சுருக்கியதில் இன்னும் கொஞ்சம் கெடவும் செய்யும். சந்தேகம் இருந்தால் ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் திறந்து அலைமாலைப் படத்தை (ஸ்பெக்ட்ரோகிராம்) பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல முடிந்தால் அது 128-இன் பிள்ளை. நிஜ 320, இருபதை ஒட்டிப் போகும்.

கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் பாட்டுப் போடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. பிரிவு 52(1)(இசட்ஏ) மதச் சடங்குக்கும், மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் உட்படக் கல்யாணக் கொண்டாட்டத்துக்கும் விலக்கு தருகிறது. 2023 ஜூலையில் ஒன்றிய அரசு இதைத் தெளிவுபடுத்தி அறிவிப்பும் வெளியிட்டது. கல்யாண வீட்டில் வந்து ராயல்டி கேட்டால் அதைக் காட்டலாம். விலக்கு பாட்டை ஒலிக்கவிடுவதற்குத்தான். ரேடியோசெட்காரர் அந்தப் பாட்டைத் திருட்டாக இறக்கியதற்கு இல்லை. ஹோட்டலில், பஸ்ஸில் போடுவதற்கும் இல்லை. அதற்கு வரிக்கும் மெட்டுக்குமாக ஐபிஆர்எஸ் உரிமமும், ஒலிப்பதிவுக்குத் தனி உரிமமும் வேண்டும்.

இதில் அடி வாங்கி வெளியே தெரியாமல் போகிறவர்கள் உள்ளூர்க் கலைஞர்கள். கும்மிப்பாட்டு, தோட்டத் தொழிலாளர் பாட்டு, சாமிப்பாட்டு சொந்தமாக எழுதிப் பதிவு செய்து யூடியூபில் போடுகிறார்கள். ஒரு வாரத்தில் அதே பாட்டு வேறு பெயரில் நான்கு சேனலில் இருக்கும். பெரிய நிறுவனங்களுக்குத் தானாகக் கண்டுபிடித்துத் தரும் கன்டென்ட் ஐடி வசதி இவர்களுக்கு நேரடியாகக் கிடைப்பதில்லை. கையால்தான் புகார் கொடுக்க வேண்டும்.

பாட்டு உருவான உடனேயே உரிமை வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. இருந்தாலும் பதிவு செய்தால் நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்று. இசைப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000. பதிவு செய்யாவிட்டாலும் ஒலிப்பதிவு நிலையத்துப் பில், திருத்தாத மூலக் கோப்பு, தேதியோடு கைப்பிரதி மூன்றையும் பத்திரமாக வையுங்கள். பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் என்ன பங்கு என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டு ஹிட்டான பிறகு வரும் சண்டை, திருட்டைவிட மோசம். எழுதுகிறவரும் மெட்டுப் போடுகிறவரும் ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகலாம்.

எடுத்துப் போட்டவருக்கு எதிராக, 2013 பதிப்புரிமை விதிகளின்படி தளத்துக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். மூலப் பாட்டின் இணைப்பு, திருட்டுப் பிரதியின் இணைப்பு, உரிமை உங்களுடையது என்பதற்கு ஆதாரம் இவை இருந்தால் 36 மணி நேரத்துக்குள் தளம் அதை முடக்க வேண்டும். முடக்கம் 21 நாளுக்குத்தான். அதற்குள் நீதிமன்ற ஆணை வந்து சேராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். ‘எடுத்தவன் கோட்டயத்தில் இருக்கிறான், அங்கே போய் யார் கேஸ் நடத்துவது’ என்று விட்டுவிட வேண்டியதில்லை. பிரிவு 62-இன்படி, உரிமையாளர் தான் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். தேனிக்காரருக்குத் தேனி போதும்.